அடுப்புச் சுவர் அறை

லா பாஸ்,
ஜனவரி 29, 2023

தெல்மீரா,

உன் கைபேசி நாலைந்து நாளாக அணைந்தே கிடக்கிறது. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அதனால் இந்த உறையைத் தரிஹா போகும் இரவுப் பேருந்தில் போடுகிறேன். வந்ததும் தகவல் சொல்ல உன் தோழி பெர்னார்தாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் நான் எதுவும் விசாரிக்கவில்லை. விசாரித்தால், நான் விசாரித்ததை உன்னிடம் சொல்வாள்.

உறையோடு ஒரு பை உலர் உருளைக்கிழங்கும் வருகிறது. சமாதானத்துக்காக அல்ல. வீட்டில் அதிகமாக இருந்தது.

விஷயம் இதுதான். வீட்டில் வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் மாதா கோயில் கூடத்தில் யெசேனியா என்ற பெண் இதற்கு வகுப்பு எடுக்கிறாள். ஒரு வருஷமாகக் கை படாத பொருள் உங்களுடையது அல்ல என்பது அவளுடைய முதல் விதி. அந்த விதிப்படி நானே எனக்குச் சொந்தமா என்று ஒரு சந்தேகம் வந்தது. வகுப்பில் கேட்கவில்லை.

எகேக்கோ விஷயத்தில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எல்லார் வீட்டுச் சமையலறையிலும் அவர் நிற்கிறார், வாயைத் திறந்துகொண்டு, கையை விரித்துக்கொண்டு, உடம்பெல்லாம் குட்டி மூட்டை, குட்டி பாத்திரம், குட்டி நோட்டுக்கட்டு தொங்க. கால் முளைத்த அலமாரி. யெசேனியா அவர் சுமையையும் இறக்கச் சொன்னாள்.

"செல்வம் குடுக்கிற சாமிம்மா அவரு. முதுகுல இருந்து மூட்டைய இறக்கிட்டா வீடு என்ன ஆகும்?" என்று இறைச்சிக்கடைப் பெத்ரோனா எழுந்து நின்றாள்.

"அவருக்கு முதுகுவலி போகும்" என்றாள் யெசேனியா.

பெத்ரோனா அடுத்த சனிக்கிழமை வரவில்லை. நான் இறக்கிவிட்டேன். அவர் இப்போது வெறுங்கையோடு நிற்கிறார். ஓய்வு பெற்ற குமாஸ்தா மாதிரி இருக்கிறார். அதாவது, என்னை மாதிரி.

சேவல்களும் போயின. குட்டியாக வாங்கியது வருஷத்துக்குள் நிஜமாகும் என்கிற அலசீத்தா சந்தையில், எனக்கு மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமென்று வருஷாவருஷம் நீ வாங்கித் தந்த மண் சேவல்கள். பதினொன்று இருந்தன. மாப்பிள்ளை ஒன்றும் இல்லை. இந்த வருஷமும் சந்தையில் நட்ட நடுப்பகலில், சாம்பிராணி போடுகிறவர், கடைக்காரி, பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லார் முன்னாலும் பன்னிரண்டாவதை நீட்டினாய்.

"அக்கா, இந்தத் தடவ நல்ல கொண்டையாப் பாத்து எடுத்திருக்கேன். தப்பவே முடியாது."

"நீயே வெச்சுக்கோடி. என்னைவிட உனக்குத்தான் சீக்கிரம் தேவைப்படும்" என்றேன்.

கடைக்காரி சிரித்தாள். சாம்பிராணிக்காரர் புகையில் இருமிக்கொண்டே சிரித்தார். நீ மட்டும் சேவலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அன்று இரவே பேருந்து ஏறிவிட்டாய். ஒரு கேலிக்காக மலையிறங்கி விடியவிடியப் பயணம் செய்பவர்களை நான் பார்த்ததில்லை. போதாததற்கு அந்தப் பெட்டி வேறு. இரண்டு நாள் தங்க வருகிறவள், இரண்டு ஆள் தூக்க வேண்டிய பெட்டியோடு வருகிறாள். யெசேனியா பார்த்திருந்தால் உன்னையே ஒரு பாடமாக வைத்திருப்பாள்.

கழித்தது முடிந்தது. இனி மிஞ்சியதை அடுக்க வேண்டும். யோசித்துப் பார்த்ததில் உன் அறைதான் பொருத்தம் என்று தெரிகிறது. பக்கத்து ரொட்டிக்கடை அடுப்புக்குப் பின்பக்கச் சுவர். மழைக்காலத்திலும் ஈரம் ஏறாது. கம்பளி, காகிதம், மாவு எதை வைத்தாலும் கெடாது. தரையிலிருந்து கூரை வரை அலமாரி அடிக்கத் தச்சர் குமெர்சிந்தோவிடம் சொல்லியிருக்கிறேன். கார்னிவல் செவ்வாய்க்குள் முடித்தால், வீட்டுக்கு வண்ணக் காகிதம் சுற்றிச் சாராயம் தெளிக்கும்போது அதற்கும் சேர்த்துத் தெளித்துவிடலாம்.

பிப்ரவரி 15-க்குள் ஆட்சேபணை எதுவும் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று கொள்ளப்படும். முப்பது வருஷம் பத்திரப்பதிவில் இருந்த பழக்கம். தவறாக நினைக்காதே.

செனோபியா


தரிஹா,
பிப்ரவரி 3

அக்கா,

உருளைக்கிழங்கு வந்தது. பெர்னார்தா வேர்க்கடலை போட்டுக் கஞ்சி வைத்தாள். நல்லாயிருந்தது. சமாதானம் இல்லையென்றால் ஏன் இவ்வளவு நல்ல ரகமாகப் பொறுக்கி அனுப்பினாய்?

இதோ என் ஆட்சேபணை. பதினைந்தாம் தேதிக்கு ரொம்ப முன்பே. முத்திரை குத்தி வாங்கிக்கொள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. வீடு முழுக்கச் சாமான் இருந்தபோது அதெல்லாம் எங்கே இருந்தது? சமையலறையில், கூடத்தில், உன் அறையில், படிக்கட்டுக்குக் கீழே. என் அறை என் அறையாகத்தான் இருந்தது. இப்போது முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டாய். மிஞ்சின கால்வாசிக்கு ஒரு முழு அறை வேண்டுமாம். இதற்குப் பெயர் குறைப்பதா? இன்னும் கொஞ்சம் குறைத்தால் ரொட்டிக்கடையையும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

என் தையல் இயந்திரம் எங்கே? ஊசி உடைந்தது, சக்கரம் கிறீச்சிடும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். எங்கே? நீலக் கம்பளிப் போர்வை எங்கே? கட்டில் இருக்கிறதா? அதுவும் உன் விதிப்படி ஒரு வருஷமாகக் கை படாததுதான். என் கால்தானே படுகிறது, அதுவும் வருஷத்துக்கு இரண்டு ராத்திரி.

நான் வந்தால் எங்கே படுப்பது? வரப்போகிறேன் என்று சொல்லவில்லை. சும்மா கேட்கிறேன்.

நினைவிருக்கிறதா, சின்ன வயதில் அந்தச் சுவரில் யார் முதுகைச் சாய்ப்பது என்று சண்டை போடுவோம். விடிகாலை மூன்று மணிக்கு ரொட்டிக்காரன் அடுப்பு மூட்டுவான், நாலு மணிக்குச் சுவர் சுடும். லா பாஸில் அந்த ஒரு முழச் சுவரைத் தவிர வேறெங்கும் எனக்குக் குளிர் விட்டதில்லை. அதில் போய் நீ மாவு மூட்டையைச் சாய்த்து வைக்கப்போகிறாய். மாவுக்கு என்ன குளிர்?

பதிலைப் பெர்னார்தா பெயருக்கே போடு. வீட்டு முகவரி வேண்டாம். அங்கே ஆள் இருப்பதில்லை.

உன் தங்கை புருஷன் காசியானோ நலம். அவன் நலமாகத்தான் இருப்பான்.

தெல்மீரா


லா பாஸ்,
பிப்ரவரி 8

தெல்மீரா,

உன் ஆட்சேபணை உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. பரிசீலித்தேன். பதில் கீழே.

கட்டில்: பாதிரியாரிடம் கொடுத்தாயிற்று. போர்வை: இருக்கிறது. நான் போர்த்திக்கொள்கிறேன். தையல் இயந்திரம்: இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போன வியாழக்கிழமை எல் ஆல்தோ சந்தைக்கு மாடி ஏணி ஒன்று பார்க்கப் போனேன். நான் கொடுத்தது அத்தனையும் அங்கே இருந்தது. தெருவோரம் தார்ப்பாய் விரித்து, நம் வீட்டுக் கூடத்தில் இருந்ததைவிட ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். நம் விளக்கு. நம் இஸ்திரிப் பெட்டி. நடுவில் உன் இயந்திரம்.

"இது என் தங்கச்சியோடது" என்றேன்.

"இருக்கட்டும்மா. நேத்து வரைக்கும் அவங்களோடது, இன்னைக்கு என்னோடது. எடுத்துக்கிட்டீங்கன்னா உங்களோடது" என்றாள் விற்கிறவள்.

"ஊசி உடைஞ்சிருக்கே."

"ஊசி புதுசு போட்டுக்கலாம். தங்கச்சி புதுசு கிடைக்குமா?"

சந்தையில் இந்த மாதிரி பேச்சுக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. நான் வாங்காமல் வந்துவிட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறவர்களைப் பற்றி யெசேனியா வகுப்பில் சொல்லும் கதைகள் கொஞ்சம் மோசமானவை. உன் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, வேறு ஒரு வேலையாக, அந்தப் பக்கம் போக நேர்ந்தது. இயந்திரம் இல்லை. விற்றுவிட்டதாம். யாருக்கு என்று கேட்டேன். "தைக்கிறவங்களுக்கு" என்றாள்.

நீ எங்கே படுப்பது என்ற கேள்விக்கு: கூடத்து நீள் நாற்காலி. வருஷத்துக்கு இரண்டு இரவுதான். நீயே கணக்குச் சொல்லியிருக்கிறாய்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். போன வருஷச் சந்தையில் காசியானோவுக்கென்று ஒரு குட்டி வீடு வாங்கினாய். இரண்டு மாடி, கீழே லாரி நிறுத்த இடம். சாம்பிராணி காட்டி, பூ தூவி, அவன் கையில் கொடுத்தாய். ஆகஸ்டில் சான் லொரென்சோ சாலையில் நிஜ வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று என்று எழுதினாய். எகேக்கோ இவ்வளவு வேகமாக யாருக்கும் செய்ததில்லை. எனக்குப் பதினொரு சேவல் கொடுத்தும் ஒரு கொக்கரிப்புகூடக் கேட்கவில்லை. இரண்டு மாடி வீட்டுக்காரிக்கு, வேறொரு ஊரில், இன்னொருத்தி வீட்டில், ஓர் அறை எதற்கு? இது குற்றச்சாட்டு அல்ல. சாதாரணக் கேள்வி.

இருந்தாலும் உனக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன். தினமும் எடுப்பதை முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில் வைக்க வேண்டும், கனமானதைக் கீழே, எப்போதாவது எடுப்பதை மேலே. உன்னுடையது மேலே. அதில் என்ன வைப்பாய் என்று எழுதினால் உயரத்தைக் குமெர்சிந்தோவிடம் சொல்ல வசதி.

காசியானோ என்னை விசாரித்ததாக நீ எழுதவில்லை. அவன் லாரியைப் பற்றி நான் சொன்னதில் இன்னும் கோபமா?

செனோபியா


தரிஹா,
பிப்ரவரி 12

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீ அலமாரி அடித்து, அடுக்கி, எண் போடுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்தக் குட்டி வீடு பலித்துவிட்டது. இரண்டு மாடி, கீழே லாரி நிறுத்த இடம், எல்லாம் நான் வாங்கியது போலவே. காசியானோ நவம்பரில் அதில் குடிபோனான். பெர்மேஹோ ஊரில் பல் வைத்தியம் பார்க்கும் ஒருத்தியோடு. எகேக்கோ மேல் எனக்குக் குறையே இல்லை. யார் கையில் கொடுக்கிறோமோ அவர்களுக்குத்தான் பலிக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் அவன் கையில் கொடுத்தேன். உள்ளே யார் இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பழைய வீட்டை விற்றுத்தான் அதைக் கட்டினான். அதனால் எனக்கு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பெர்னார்தா வீட்டில் கம்பளி நூல் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறேன். நீ இதைப் பார்த்தால் உடனே அலமாரி அடிப்பாய்.

உன் எண்ணை நான் தடுக்கவில்லை. கைபேசி அவன் பெயரில் இருந்தது. கேட்டான், கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெட்டி. இரண்டு நாளுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று வாசலிலேயே கேட்டாய். என்னிடம் இருப்பது அவ்வளவுதான், அக்கா. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். நான் பேருந்தில் வரும்போது எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜபம் சொல்கிறேன் என்று நினைத்து அவரும் சிலுவை போட்டுக்கொண்டார். சந்தையில் வைத்துச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முதலில் சேவல், அது வழக்கம், அப்புறம் விஷயம். நீ சொன்னாய், என்னைவிட உனக்குத்தான் சீக்கிரம் தேவைப்படும் என்று.

உனக்குத் தெரிந்துபோய்விட்டது என்று நினைத்தேன். யாரோ சொல்லிவிட்டார்கள், நீ ஊர் முன்னால் வைத்துச் சொல்லிக்காட்டுகிறாய் என்று. பேருந்து ஒருரோ நகரைத் தாண்டும்போதுதான் உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று தோன்றியது. ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆலங்கட்டி மழை. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தெருக்கோடிக் கடையிலிருந்து உன்னை அழைக்கலாம்தான். அழைத்தால் நீ உடனே பதில் சொல்வாய். அந்த உடனடிப் பதிலுக்குப் பயமாக இருக்கிறது. கடிதமென்றால் ஒரு ராத்திரியாவது யோசிப்பாய்.

அதனால் கேட்கிறேன். நான் அந்த அறைக்கு வரலாமா? இரண்டு நாளுக்கு இல்லை. கட்டில் வேண்டாம், தரையில் படுப்பேன். சுவரில் மட்டும் எதையும் அடிக்காதே.

சாக்கோ பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மாணவிகள் விடுதிக்குப் பொறுப்பாளி தேவையாம். பெர்னார்தாவின் சித்தி சொல்லி வைத்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சாம்பல் புதனன்று பதில் கேட்கிறார்கள். அதுவரை உன் கடிதத்துக்குக் காத்திருப்பேன். வா என்று ஒரு வரி போதும். வராதே என்றால் அதையும் எழுது. எதுவும் வராவிட்டால், உன் அலுவலக வழக்கப்படி, புரிந்துகொள்கிறேன்.

தெல்மீரா


லா பாஸ்,
பிப்ரவரி 19

தெல்மீரா,

பதினைந்து போய் நான்கு நாளாகிறது. தட்டின் உயரம் கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. முதல் ஆட்சேபணைக்கு விளக்கம் தரப்பட்டது, இரண்டாவது வரவில்லை. கோப்பு முடிக்கப்பட்டது.

பொத்தோசி பக்கம் சாலை மறியல் என்று வானொலியில் சொன்னார்கள். அதனால் தாமதமோ என்று ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்தேன். அப்புறம் குமெர்சிந்தோ கார்னிவலுக்குக் குடிக்க ஆரம்பித்துவிடுவார் என்று அவர் மனைவியே எச்சரித்தாள். ஆரம்பித்தால் தவக்காலம் பாதி தாண்டித்தான் நிறுத்துவாராம்.

நேற்று முடிந்தது. சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது. சுவருக்குச் சுவர் இடைவெளி இல்லாமல், கூரை வரை. அசையாதிருக்கச் சுவரிலேயே இரும்புக் கவ்விகள் போட்டு இறுக்கியிருக்கிறார். துளை போடும்போது ரொட்டிக்காரன் ஓடிவந்தான்.

"அம்மா, அந்தப் பக்கம் அடுப்பு இருக்கு. இன்னும் ரெண்டு விரக்கடை போச்சுன்னா உங்க அலமாரியில ரொட்டி வேகும்."

"அப்ப வேகுற ரொட்டி யாருக்குச் சொந்தம்?" என்று குமெர்சிந்தோ கேட்டார்.

இரண்டு பேரும் அதைப் பற்றி அரை மணி நேரம் விவாதித்தார்கள். நான் இருவருக்கும் காப்பி கொடுத்தேன். நீ இருந்திருந்தால் மூன்றாவது கட்சி ஆரம்பித்திருப்பாய்.

இன்று பொருள்களை அடுக்கினேன். இனம் இனமாக. துணி, மருந்து, காகிதம், மாவு, கருவிகள். யெசேனியா ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடச் சொல்வாள். எல்லாவற்றையும் வைத்த பிறகு எனக்கு ஐந்தில் ஒரு பங்குதான் நிறைந்திருக்கிறது. கழிக்கும்போது கை கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது போலிருக்கிறது. தட்டுக்கு ஒரு டப்பாவாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். மருந்துக்கடை திறப்பு விழா மாதிரி இருக்கிறது.

உன் தட்டைக் கீழே இறக்கிவிட்டேன். தோள் உயரத்தில். எப்போதாவது வருகிறவள்தான், ஆனாலும் ஏணி போட்டு ஏற வேண்டாம் என்று. அதில் நீலப் போர்வையை மடித்து வைத்திருக்கிறேன்.

நாளை மறுநாள் செவ்வாய். வண்ணக் காகிதமும் சிங்கானிச் சாராயமும் வாங்கி வைத்தாயிற்று. உனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தரையில் தெளிக்கிறேன்.

செனோபியா


லா பாஸ்,
பிப்ரவரி 24

தெல்மீரா, என் தங்கமே,

உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது.

மறியலில் மாட்டிய பேருந்தில் பதினோரு நாள் கிடந்திருக்கிறது. உறையில் யாரோ ஆரஞ்சுச் சாறு சிந்தியிருக்கிறார்கள். மறியல் செய்தது லாரி உரிமையாளர்கள். காசியானோவும் அதில் நின்றிருப்பான் என்றே வைத்துக்கொள்கிறேன். வீட்டை எடுத்துக்கொண்டான், கைபேசியை எடுத்துக்கொண்டான், கடிதத்தையும் விடவில்லை.

எனக்குத் தெரியாது. சந்தையில் சொன்னது வெறும் வாய். பன்னிரண்டு வருஷமாக உன்னிடம் சேவல் வாங்கிக்கொண்டவளுக்கு ஒரு நாள் வாய் திறந்துவிட்டது, அவ்வளவுதான். உனக்குத் தேவைப்படும் என்று நினைத்துச் சொன்னால் சொல்வேனா? உன்னைப் பார்த்து நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அசடே. இரண்டு மாடி.

அந்தப் பெட்டியை நான்தான் வாசலிலிருந்து உள்ளே இழுத்தேன். கனத்தது. ஏன் கனக்கிறது என்று கேட்கவில்லை. எப்படி அடுக்கியிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

படித்து முடித்ததும் பெர்னார்தாவை அழைத்தேன்.

"கிளம்பிட்டா அக்கா. புதன்கிழமை சாயங்காலம். நெத்தியில சாம்பலோட நேரா பஸ் நிலையத்துக்குப் போனா."

"எனக்காகக் காத்திருந்தாளா?"

"தினம் ரெண்டு வாட்டி பஸ் நிலையப் பொட்டலக் கவுன்டருக்குப் போய்ப் பாத்துட்டு வருவா. மறியல்ல எல்லாப் பொட்டலமும் நிக்குதுன்னு நான்கூடச் சொன்னேன். ‘எங்க அக்கா மறியலுக்கெல்லாம் நிக்கிற ஆள் இல்ல, எழுதியிருந்தா நடந்தாவது கொண்டுவந்திருப்பா’ன்னா."

 பெர்னார்தா பேசிக்கொண்டே போனாள். முதல் தடவையாக அவள் பேச்சு எனக்கு நீளமாகத் தோன்றவில்லை.

விடுதியில் கைபேசிக்குக் கோபுரம் இல்லையாம். அதனால் இதையும் எழுதவே வேண்டியிருக்கிறது. திரும்பி வா. கையெழுத்து என்பது எதுவுமில்லை, நான் முப்பது வருஷம் கையெழுத்துகளை ரத்து செய்தவள். கன்னியாஸ்திரீகளிடம் நான் பேசுகிறேன். அலமாரியைக் கழற்றச் சொல்கிறேன். உன் கேள்விக்குப் பதில்: வரலாம். ஒரு ராத்திரி யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியிருந்ததாக நீ நினைத்ததுதான் என்னை

இந்த வரியை விட்டுவிடுகிறேன். வா.

அக்கா


சாக்கோ, விடுதியிலிருந்து,
மார்ச் 5

அக்கா,

பெர்னார்தா உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினாள். கார்னிவலுக்கு முந்தியதை முதலில் பிரித்துவிட்டேன். ரொட்டி விவாதம் வரை சிரித்தேன். போர்வை வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து மீதியைப் படித்தேன். அப்புறம் மற்றது.

அலமாரியைக் கழற்றாதே. இரும்புக் கவ்வி போட்டதைப் பிடுங்கினால் சுவர் போய்விடும், ரொட்டிக்காரனும் சண்டைக்கு வருவான்.

என்னால் வர முடியாது. கையெழுத்துக்காக இல்லை. எனக்கு முன்னால் இருந்தவள் பாதி வருஷத்தில் ஓடிவிட்டாள், அவளுக்கு முன்னால் இருந்தவளும். நான் வந்த அன்று ஒரு பெண் கேட்டாள், "நீங்க எப்ப போவீங்க?" என்று. வணக்கம் சொல்வது மாதிரி கேட்டாள். ரெண்டு வருஷம் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். நம்பவில்லை. பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள், அப்போது நம்புகிறேன் என்றாள். எடுத்து வைத்தேன். சுவரில் ஆணியடித்து உடுப்பை மாட்டினேன். நாற்பது பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

இங்கே குளிரே கிடையாது. வெயிலில் தகரக் கூரை வெடிக்கிற சத்தம் கேட்கும். கதகதப்புக்கு நான் ஏங்குவதாக நினைத்துக் கவலைப்படாதே. இரவில் கல் தரையில் கன்னத்தை வைத்துப் படுக்கிறேன்.

உன்மேல் கோபமில்லை. நினைத்துப் பார்த்தால், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நாம் இரண்டு பேரும் தப்பாக நடந்துவிட்டோம் என்று இல்லை. நீ வழக்கம் போலப் பேசினாய், நான் வழக்கம் போலப் பேசாமல் இருந்தேன். சந்தையில், "சேவல் கிடக்கட்டும் அக்கா, நான் வந்துட்டேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாயில் இருந்தது. நீ முகத்தைத் திருப்பிக் கடைக்காரியோடு சிரித்துக்கொண்டிருந்தாய். சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

அடுத்த வருஷ டிசம்பரில்தான் விடுப்பு கிடைக்கும். நீள் நாற்காலி போதும்.

தெல்மீரா


லா பாஸ்,
மார்ச் 19

தெல்மீரா,

கழற்றியாகிவிட்டது. உன் கடிதம் வரும்போது பாதி முடிந்திருந்தது. வராதிருந்தாலும் மீதியை முடித்திருப்பேன்.

"ரெண்டு நாள் மாட்டுறேன், மூணு நாள் கழட்டுறேன். என்னம்மா, முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று குமெர்சிந்தோ முணுமுணுத்தார்.

"முதல்லயே எனக்கு யாரும் சொல்லல, ஐயா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் விழுந்த ஓட்டைகளைப் பூசித் தருவதற்குக் கூலி வேண்டாம் என்றார். பூச்சு இன்னும் நிறம் சேரவில்லை. திட்டுத்திட்டாகத் தெரிகிறது.

பலகைகள் கூடத்தில் சாத்தி வைத்திருக்கின்றன. டப்பாக்கள் மேசைக்கு அடியில், படிக்கட்டில், என் கட்டிலின் கால்மாட்டில். நடக்கும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. நேற்று யெசேனியா மாணவிகள் வீட்டைப் பார்வையிடும் நாள். என் வீட்டுக்கும் வந்தாள். கூடத்தில் அவளும் பக்கவாட்டில் திரும்பி நடந்தாள், வளர்ப்பு நல்ல வளர்ப்பு. உன் அறைக் கதவைத் திறந்ததும்தான் தாங்கவில்லை.

"இவ்வளவு நல்ல அறை, காஞ்ச சுவர், இதைச் சும்மா போட்டுட்டு மாவை வெளியே நனைய விடறீங்களே. இங்க அடுக்குங்களேன்."

"அடுக்க முடியாது."

"ஏன், ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவள் காலித் தரையைப் பார்த்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, வயதான மாணவிகளிடம் பேசும் குரலில், யார் என்று கேட்டாள். தங்கை என்றேன். எப்போது வருவாள் என்றாள். விடுதிப் பெண்களுக்கு நீ வாக்குக் கொடுத்திருப்பதைச் சொன்னேன், டிசம்பரைச் சொன்னேன். அது இந்த டிசம்பர் அல்ல என்பதையும் சொன்னேன். அதுவரையாவது, தற்காலிகமாக, கீழ்வரிசையில் மட்டுமாவது என்று ஆரம்பித்தாள்.

உள்ளே இடமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அக்கா